மூடாத சம்ப்பில் முட்டையிட வந்த தேரை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகர்த் தெருவில் நடந்தது இது. ஒரு காலத்தில் ஏரிப் பாசன வயலாக இருந்த இடம், இப்போது பாதி வீடு, பாதி காலி மனை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் காலி மனைகளில் தண்ணீர் தேங்கும், கோரை தலைதூக்கும், இரவானால் தேரைச் சத்தம் விடியும்வரை ஓயாது. அந்தத் தெருவில் ஒரு வீடு கட்டுமானத்தில் இருந்தது. தரைமட்டத்துக்குக் கீழே ஆறடி ஆழத்தில் சம்ப், அதாவது தண்ணீர் சேமிக்கும் தொட்டி கட்டி, உள்பூச்சும் முடித்துவிட்டார்கள். மேல்மூடி காங்கிரீட் போடுவதற்குள் மழை வந்துவிட்டது. வேலை நின்றது, சம்ப் வாயைத் திறந்தபடி கிடந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி, மகன், மருமகள், அவர்களுடைய கைக்குழந்தை, கல்லூரியில் படிக்கும் பேத்தி ஒருத்தி, அப்புறம் ஒரு நாய். பேத்திதான் என்னைக் கூப்பிட்டவள். தெருவில் பாம்பு, உடும்பு, அடிபட்ட பறவை என்று எது வந்தாலும் எனக்குப் போன் வருவது வழக்கம். தேரைக்காகக் கூப்பிட்டது அவள்தான் முதல்.

இனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இதைப் பொறுத்தவை. நம் வீட்டு வாசல் விளக்கடியில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் அதே தேரை, சொறித்தவளை என்றும் சொல்வோம். அறிவியல் பெயர் டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். 1799ல் ஷ்னைடர் விவரித்த இனம். நெடுங்காலம் புஃபோ என்ற பேரினத்தில் இருந்ததை 2006ல் பிரித்து, இந்தியத் தவளையியலாளர் சுஷில் குமார் தத்தாவின் பெயரால் புதுப் பேரினத்தில் வைத்தார்கள். தலையில் கறுப்பு வரம்புகள், முதுகெல்லாம் கறுப்பு முனையுள்ள கொப்புளங்கள், கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாகத் தடித்த நச்சுச் சுரப்பி. பெண் பெரிது, ஆண் சிறிது. மழைக்காலத்தில் ஆணின் உடம்பில் மஞ்சள் ஏறும், தொண்டையும் நிறம் மாறும்.

வருடம் முழுவதும் தரையில் வாழும் பிராணி இது. முட்டையிட மட்டும் தண்ணீர் வேண்டும், அதுவும் தேங்கி நிற்கும் ஆழமில்லாத தண்ணீர். மரத்தவளைக்கு இருப்பதுபோல விரல் நுனியில் ஒட்டும் வட்டு இதற்குக் கிடையாது. வழுவழுப்பாகப் பூசிய சுவரில் ஏறவே முடியாது. உள்ளே விழுந்த ஆண் தேரைகள் அங்கிருந்தே கத்தும், அந்தச் சத்தத்துக்கு வெளியிலிருந்து பெண்கள் வந்து விழும். பொறி வைக்க ஆள் தேவையில்லை, ஒரு மூடாத தொட்டியும் ஒரு மழையும் போதும்.

அன்று காலை கண்டது

இரவு முழுக்க மழை பெய்து விட்டிருந்தது. சம்ப்பில் ஒன்றரை அடித் தண்ணீர். உள்ளே ஒன்பது தேரைகள். ஒன்றிரண்டு மூலையில் சுவரோடு சுவராக மிதந்துகொண்டு காலை அடித்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பெரிய பெண். அதன் முதுகில் ஓர் ஆண் அக்குளுக்குக் கீழே கை போட்டு இறுக்கிப் பிடித்திருக்க, அதன் மேலும் பக்கவாட்டிலும் இன்னும் மூன்று ஆண்கள் தொற்றியிருந்தன. மொத்தமும் ஒரு கட்டியாகப் புரண்டுகொண்டிருந்தது. பெண்ணின் மூக்கு தண்ணீருக்கு மேலே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தது. வலது பின்னங்காலில் ஒரு விரல் இல்லை, பழைய காயம். இதைக் குறித்து வைத்தது பிறகு உதவியது.

ஆண்கள் பெண்ணுக்காக முண்டியடிப்பது இனப்பெருக்க காலத்தில் இயல்பு, அதில் நாம் தலையிட ஒன்றுமில்லை. காலி மனைக் குட்டையில் இப்படி ஆனால் பெண் கரைக்கு நகர்ந்துவிடும், தரையில் கால் ஊன்றி மூச்சு வாங்கும். சம்ப்பில் கரையும் இல்லை, கால் ஊன்ற மேடும் இல்லை. நான்கு ஆண்களின் கனத்தோடு மணிக்கணக்காக நீந்த வேண்டும். இப்படிப்பட்ட கட்டிகளில் பெண் மூழ்கிச் சாவது தேரைகளிடம் நன்றாகவே தெரிந்த விஷயம்.

தண்ணீரின் மேல் வெள்ளையாக ஒரு படலம் இருந்தது. மேஸ்திரிதான் காட்டினார்: "புதுப் பூச்சு சார், சுண்ணாம்பு கக்கும்." மீன் வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். புது சிமெண்டுத் தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, பலமுறை தண்ணீர் மாற்றிய பிறகுதான் மீன் விடுவார்கள், ஏனென்றால் புது சிமெண்டு தண்ணீரைக் காரமாக்கிவிடும். தண்ணீரின் காரத்தைக் காட்டும் பிஎச் தாளை வண்ணமீன் கடையில் வாங்கிவரச் சொல்லிப் பார்த்தோம், 9க்கு மேல் காட்டியது (7 நடுநிலை, அதற்கு மேல் காரம்). மழைத்தண்ணீர் கலந்து நீர்த்தும் இவ்வளவு. தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, வயிற்றடித் தோல் வழியாகத்தான் உறிஞ்சும். எனவே அந்தத் தண்ணீரில் நாள்கணக்கில் கிடப்பது பெரிய தேரைக்கே நல்லதில்லை, முட்டைக்கு இன்னும் மோசம்.

வீட்டுக்குள் வேறு ஒரு கவலை ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிக்குப் பயம். கைக்குழந்தை இருக்கிற வீட்டுப் பக்கம் தேரை வந்தால் தேரை விழுந்து பிள்ளை இளைத்துப்போகும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். கல் உப்பை அள்ளி சம்ப்பில் போட்டுவிடலாம் என்று டப்பாவோடு நின்றார். முந்தைய இரவு நாய் ஒரு தேரையைக் கவ்வி வாயில் நுரை தள்ளியிருந்ததால் அவர் பயம் இன்னும் கூடியிருந்தது. பேத்தி பயப்படாமல் நாயின் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாயின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவி, ஈறை ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். அப்புறம் கால்நடை மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள், நாய் நன்றாகவே இருந்தது. இது சரியான முதலுதவிதான். தண்ணீரைத் தொண்டைக்குள் அடிக்கக் கூடாது என்பது மட்டும் கவனம். தேரையின் நச்சு இதயத்தைத் தாக்கக்கூடியது. நடுக்கமோ வலிப்போ வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பாட்டியிடம் வாதம் செய்யவில்லை. உப்பு தேரையின் தோலை எரித்துக் கொன்றுவிடும், செத்துப்போன ஒன்பது தேரைகளை எடுத்துப் போடுவது இன்னும் கஷ்டம், உயிரோடு இருந்தால் அதுவாகவே போய்விடும், போகிறவரை குழந்தை இருக்கும் பக்கம் வராமல் வாசல்படிக்குப் பலகை வைத்துவிடலாம் என்றேன். "போயிடும்னா சரிப்பா" என்றார். அதோடு உப்பு டப்பா உள்ளே போனது.

முதல் முடிவு: வெளியே எடுப்பதா, வழி செய்வதா

கூடையில் அள்ளி ஏரியில் விட்டுவிடலாம் என்பதுதான் அங்கே கூடியிருந்தவர்களில் பாதிப் பேரின் யோசனை. நல்ல மனசோடு சொன்னதுதான், ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏரி பெரிய மீன்கள் உள்ள ஆழத் தண்ணீர், இந்தத் தேரைகள் தேடி வந்தது ஆழமில்லாத மழைக்குட்டை. தேரைக்குத் தன் இடம் தெரியும், திரும்பி வரப் பார்க்கும், நடுவில் இருப்பது லாரி ஓடும் சாலை. ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தவளையையோ தேரையையோ தூக்கிப்போவதில் நோயையும் சேர்த்துத் தூக்கிப்போகும் ஆபத்து உண்டு. கைட்ரிட் பூஞ்சை உலகம் முழுக்கப் பல தவளை இனங்களை அழித்தது. இதே தேரை இனம் கப்பல் சரக்கோடு மடகாஸ்கர் போய்ச் சேர்ந்து, 2014ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்டு, அந்தத் தீவின் உயிரினங்களுக்குப் பெரிய தலைவலியாக ஆனதையும் சொன்னேன். மனிதர் கை பட்டு இடம் மாறுவது எப்போதும் நன்மையில் முடிவதில்லை.

வழி செய்வது என்று முடிவானது. கட்டுமான இடம் என்பதால் பொருளுக்குப் பஞ்சமில்லை. சென்ட்ரிங் பலகைகள் கிடந்தன, ஆனால் காங்கிரீட் ஒட்டாமல் இருக்க அவற்றில் பழைய எஞ்சின் ஆயில் தடவியிருப்பார்கள், அதைத் தண்ணீரில் இறக்கினால் எண்ணெய்ப் படலம் பரவும். அதனால் அதைத் தொடவில்லை. சாரத்துக்கு வைத்திருந்த இரண்டு சவுக்குக் கட்டைகளை எடுத்து, சேர்த்துக் கட்டி, மேலே கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முடுக்கினோம். சிமெண்டு மூட்டையின் பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும், சணல் சாக்குதான் கால் பிடிக்கும். மேலே தரையில் ஒரு முனை, கீழே தண்ணீருக்குள் ஒரு முனை, முடிந்தவரை சாய்வாக. அடியில் செங்கல்லை அடுக்கித் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு மேடை.

மேடை வைத்ததுமே மூலையில் கிடந்தவை ஏறி உட்கார்ந்துகொண்டன. நடுக்கட்டி அசையவில்லை, பெண்ணுக்கு நீந்திவரத் தெம்பில்லை என்றுதான் தோன்றியது. இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது, அது சரிதானா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். மேஸ்திரி ஏணி வைத்துக் கொடுக்க, நான் இறங்கி, மேலதிகமாகத் தொற்றியிருந்த மூன்று ஆண்களை மட்டும் பிரித்தேன். முதுகில் முதலில் இருந்த ஆணைத் தொடவில்லை. தேரைக்குக் கருத்தரிப்பு உடம்புக்கு வெளியே நடப்பது. பெண் முட்டையை விட விட ஆண் மேலிருந்து விந்தைச் சேர்க்கும், அந்தப் பிணைப்பு இல்லாமல் பெண் முட்டையிடாது. அதையும் பிரித்திருந்தால் காப்பாற்றியதற்கு அர்த்தமே இல்லை.

பிரிக்கும்போது கவனித்தவை: டெங்கு காலமாதலால் எல்லார் கையிலும் கொசு விரட்டி க்ரீம் இருந்தது. அந்தக் கையால் தேரையைத் தொடக் கூடாது, தோல் வழியாக உள்ளே போய்விடும். சோப்பு, சானிடைசரும் அப்படியே. வெறும் தண்ணீரில் அலசிய கையுறையை ஈரத்தோடு போட்டுக்கொண்டேன். ஆணின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, கீழே விரலை நுழைத்து மெல்ல நெகிழ்த்த வேண்டும். ஆணைப் பக்கவாட்டில் பிடித்தால் கிக்கிக்கென்று கத்தும். "நான் ஆண், விடு" என்று மற்ற ஆண்களிடம் போடும் அதே சத்தம்தான், வலியால் கத்துவதில்லை. பெண் அப்படிக் கத்தாது, பேத்தி இதைக் கேட்டுத்தான் ஆண் எது பெண் எது என்று பிரித்துக் குறிப்பு எழுதினாள். தொட்டால் மரு வரும் என்று ஒருவர் மேலிருந்து எச்சரித்தார். மருவுக்குக் காரணம் மனிதர்களிடையே பரவும் வைரஸ், தேரை இல்லை. கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் எரியும், அது உண்மை.

ஜோடியை மேடைக்கு அருகில் நகர்த்திவிட்டு எல்லாரும் விலகினோம். சம்ப் வாயைச் சுற்றிக் கயிறு கட்டி, குழந்தைகள் எட்டிப் பார்க்காமல் வாட்ச்மேன் பார்த்துக்கொண்டார். ஆறடிக் குழியில் தண்ணீர் நிற்கும்போது முதல் ஆபத்து மனிதக் குழந்தைகளுக்குத்தான்.

முட்டைச் சரங்கள்

மறுநாள் விடியலில் பார்த்தபோது சவுக்குக் கட்டை வழியே எல்லாம் ஏறிப்போயிருந்தன, ஓர் ஆணைத் தவிர. அது மேடையிலேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது, அதுவும் அன்று இரவு போய்விட்டது. விரல் இல்லாத பெண்ணும் போயிருந்தது. ஆனால் போகும் முன் முட்டையிட்டிருந்தது. தண்ணீருக்குள் இருந்த கோணிச் சாக்கைச் சுற்றிச் சுற்றி, கறுப்பு மணி கோத்த கண்ணாடிக் கயிறாக இரட்டைச் சரங்கள், மீட்டர் கணக்கில். ஒரு தேரை ஒரே முறையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

அன்றைக்கே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மேஸ்திரி, மழை விட்டிருக்கிறது, இரண்டு மூன்று நாளில் தண்ணீரை இறைத்துவிட்டு மூடி போட வேண்டும், வேலை ஏற்கெனவே தள்ளிப்போய்விட்டது என்றார். இன்னொருவர் வாராவாரம் வீடு வீடாக வரும் டெங்கு தடுப்புப் பணியாளர், கையில் டார்ச்சும், கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தும். சம்ப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "சார், நீங்க தேரையைப் பாக்குறீங்க, நான் இந்தத் தெருவுல காய்ச்சல் வந்த புள்ளைங்களப் பாக்குறேன்" என்றார். அவர் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட தொட்டித் தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டையிலிருந்து பறக்கும் கொசு ஆக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிக் காயவைக்கச் சொல்கிறார்கள். தேரைக்கோ முட்டையிலிருந்து குட்டித் தேரை ஆகிக் கரையேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இரண்டு கணக்கும் ஒரே தொட்டிக்குள் ஒத்துப்போகாது.

தலைப்பிரட்டை கொசுப்புழுவைத் தின்றுவிடும், அதனால் விட்டுவிடுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இலங்கையில் நடந்த ஓர் ஆய்வில் தலைப்பிரட்டைகள் ஏடிஸ் முட்டைகளைத் தின்பது பதிவாகி 2013ல் வெளியானது, உண்மைதான். ஆனால் தேரைத் தலைப்பிரட்டையின் முக்கிய உணவு பாசியும் மட்கிய தூளும். அதை நம்பி ஒரு தெருவின் டெங்குப் பாதுகாப்பை விட்டுவிட முடியாது.

இருந்த வழிகளைப் பேசினோம். சம்ப்பிலேயே விட்டால் காரத் தண்ணீர், கொசு, மூடி போடும் வேலை என்று மூன்று தடை. ஏற்கெனவே சில முட்டைகள் வெளுத்துவிட்டிருந்தன. வீட்டு மாடியில் டப்பில் வளர்க்கலாம் என்று பேத்தி கேட்டாள். ஆயிரக்கணக்கான தலைப்பிரட்டைகளை ஒரு டப்பில் வைத்தால் தண்ணீர் இரண்டு நாளில் நாறிவிடும், ஐப்பசி வெயில் அடித்தால் கொதித்துவிடும். மிஞ்சியது அதே தெருவில், சம்ப்பிலிருந்து நாலு மனை தள்ளி இருந்த காலி மனைக் குட்டை. இதே தேரைகள் கத்திக்கொண்டிருந்த குட்டை அது, அங்கே வேறு சரங்களும் கோரையைச் சுற்றிக் கிடந்தன. ஒரே கூட்டம், ஒரே மழைத்தண்ணீர், எனவே நோய் தூக்கிப்போகிறோம் என்ற கவலை குறைவு. முட்டையை இடம் மாற்றாதே என்பதுதான் பொது விதி. இந்த அளவுக்குப் பக்கத்தில், வேறு வழி இல்லாதபோது மட்டும் அதை மீறலாம் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். மனைக்காரர் வெளியூரில், போனில் சம்மதம் வாங்கினோம்.

சரத்தைக் கையால் அள்ளவில்லை. சாக்கைக் கட்டையிலிருந்து அறுத்து, சரம் சுற்றியபடியே அகலமான அன்னக்கூடையில் சம்ப் தண்ணீரோடு இறக்கினோம். குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அரை மணி நேரத்துக்கு மேல் வைத்தோம், வெப்பமும் காரமும் திடீரென மாறினால் கரு தாங்காது. அப்புறம் கோரை அடர்ந்த இரண்டு ஓரங்களில், புல்லின் மேல் படியும்படி வைத்தோம். சேற்றில் அமுங்கினால் முட்டைக்குக் காற்று போகாது. ஓர் ஓரம் போனாலும் மற்றது இருக்கட்டும் என்றுதான் இரண்டு இடம். அன்று மாலையே மேஸ்திரி சம்ப்பை இறைத்துவிட்டார்.

பணியாளரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவர் வாராவாரம் வந்து குட்டையை வெள்ளைக் கரண்டியால் மொண்டு பார்ப்பது, கொசுப்புழு இருந்தால் அபேட்டுக்குப் பதில் பிடிஐ என்கிற பாக்டீரியா மருந்தைக் கேட்பது. அது கொசுப்புழுவையும் அதன் நெருங்கிய சொந்தங்களையும்தான் கொல்லும். பதிலுக்குத் தெருவில் உள்ளவர்கள் அவரோடு சேர்ந்து மற்ற இடங்களைச் சுத்தம் செய்வது. அதைச் செய்தபோதுதான் ஏடிஸ் புழுக்கள் கிடைத்தன, குட்டையில் இல்லை: கட்டுமான இடத்துப் பெயிண்ட் டப்பாக்கள், ஒரு பழைய டயர், மனை ஓரம் குவிந்த கொட்டாங்குச்சிகள், பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டியின் பின்தட்டு. இந்த நிகழ்வில் டெங்குவுக்காக நடந்த உருப்படியான வேலை இதுதான் என்று அவரே சொன்னார்.

நடுவில் வந்த இரண்டு சோதனைகள்

முட்டைகள் இரண்டு நாளில் பொரிந்தன. முதலில் கூழிலேயே ஒட்டிக் கிடந்தவை அப்புறம் கறுப்புக் கூட்டமாக ஓரத்தில் மேயத் தொடங்கின. எந்த உணவும் போடவில்லை. போடலாமா என்று குழந்தைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், சோறும் ரொட்டியும் தண்ணீரைக் கெடுக்கத்தான் உதவும். அந்த வாரம் ஈசல் பறந்த ஓர் இரவில், விரல் இல்லாத அந்தப் பெண் தேரையைப் பேத்தி தன் வீட்டுத் தெருவிளக்கின் கீழ் பார்த்துப் படமெடுத்தாள். காலும் முதுகுக் கொப்புளமும் ஒத்துப்போயின. அது பிழைத்திருந்தது.

பிறகு மழை இடைவெளி விட்டது. வடகிழக்குப் பருவமழையில் இது சகஜம், நாலு நாள் கொட்டும், பத்து நாள் வெயில் அடிக்கும். குட்டை சுருங்கி ஒரு சாண் ஆழத்துக்கு வந்தது. தண்ணீர் வற்றும்போது வேகமாக வளர்ந்து கரையேறும் தேரை, தவளை இனங்கள் உண்டு. அதற்காகக் கொஞ்சம் பொறுத்தோம், தண்ணீர் குறைவது இயற்கையில் நடப்பதுதானே. ஆனால் பின்னங்கால்கூட முளைக்காத நிலையில் பாதிக் குட்டை சேறாகியது. சரி, இதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். லாரித் தண்ணீர் விடலாம் என்றார்கள், அதில் குளோரின் இருக்கும். போர் தண்ணீர் அந்தப் பகுதியில் உப்பு. மேஸ்திரி ஒரு நல்ல யோசனை சொன்னார்: தண்ணீரை ஏற்றாதே, தரையை இறக்கு. குட்டையின் ஆழமான பக்கத்தில் மண்வெட்டியால் அரையடி பள்ளம், கலங்கல் அடங்க அடங்க மெதுவாக. கூடவே மூடிபோட்ட டிரம்மில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரை மாலை வேளையில் ஊற்றினோம். மழை திரும்பும்வரை அது தாங்கியது.

இரண்டாவது சோதனை பெரியது. மழை திரும்பிய வாரத்தில் வேறொரு குழு வந்து, காலி மனைகளில் தேங்கிய தண்ணீரில் எல்லாம் ஆயில் பால் போட்டுவிட்டுப் போனது. மரத்தூளைத் துணியில் கட்டி எண்ணெயில் ஊறவைத்த உருண்டை அது. தண்ணீரின் மேல் படலம் பரவி, கொசுப்புழு மூச்சு விட முடியாமல் சாகும். அவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள், எங்கள் ஒப்பந்தம் அவர்களுக்குத் தெரியாது. அந்த எண்ணெய் தலைப்பிரட்டைக்கும் ஆகாது. கல்லூரி விட்டு வந்த பேத்தி பார்த்து, மூங்கில் கழியால் உருண்டைகளை இழுத்துப்போட்டு, பழைய செய்தித்தாளைத் தண்ணீர் மேல் விரித்து விரித்து எடுத்தாள். தாள் எண்ணெயை உறிஞ்சும், எளிய முறைதான், வேலை செய்தது. ஆனால் காற்று ஒதுக்கிய வடக்கு ஓரத்தில் இருந்தவை கிட்டத்தட்ட முழுவதும் செத்துவிட்டன. இரண்டு ஓரமாகப் பிரித்து வைத்ததன் பலன் அன்று தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் நேரில் போய்ச் சுகாதார ஆய்வாளரைப் பார்த்தோம். வாராந்திரச் சோதனைக் குறிப்புகளைப் பணியாளரே எடுத்துக் காட்டினார், ஒவ்வொரு வாரமும் புழு இல்லை என்று எழுதியிருந்தது. ஆய்வாளர் அந்த ஒரு மனையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிக் குழுவுக்குச் சொன்னார், புழு தெரிந்தால் அன்றே மருந்து என்ற நிபந்தனையோடு. நியாயமான நிபந்தனை.

விளைவு

பொரிந்து ஐந்தாவது வாரம் கரையேறத் தொடங்கின. வால் சுருங்கும் அந்த நாட்களில் அவை எதுவும் தின்னாது, செவுள் போய் நுரையீரல் மட்டும் இருக்கும், சரிவான கரை இல்லையென்றால் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். பள்ளம் வெட்டும்போதே ஒரு பக்கத்தைச் சாய்வாக விட்டது இதற்காக. ஓரத்தில் நனைந்த சாக்கும் தென்னை மட்டையும் போட்டு வைத்தோம், அடியில் ஒதுங்கின. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது ஒவ்வொன்றும். நூற்றுக்கணக்கில் வெளியேறின என்று மட்டும் சொல்ல முடியும், எண்ண முயலவில்லை, எண்ணப் போனால் மிதிபடும்.

மழை பெய்த காலைகளில் அவை தெருவைக் கடந்தன. வீட்டுக்காரர் அந்த வாரம் மணல் லாரியைத் தெருவின் மறுமுனையில் நிறுத்தச் சொன்னார், பேத்தியும் தெருப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகும் முன் நின்று பைக்குகளை மெதுவாகப் போகச் சொன்னார்கள். நாய் அந்த நாட்களில் சங்கிலியில். காகமும் மைனாவும் தின்றவை நிறைய, அதைத் தடுக்கவில்லை. ஆயிரக்கணக்கில் முட்டையிடும் பிராணி அவ்வளவு பேரும் பிழைக்க இடுவதில்லை.

அந்த மனையில் அந்தப் பருவம் முழுக்கக் கொசு மருந்து தேவைப்படவில்லை. பாட்டி வாசல்படிப் பலகையை எடுக்கவில்லை, தேரைகளைப் பற்றிப் பேசவும் இல்லை, ஆனால் உப்பு டப்பா திரும்ப வெளியே வரவில்லை.

அடுத்த முறை மாற்றிச் செய்யப்போவது

சம்ப் தோண்டும் வீடுகளில் மழைக்கு முன்பே போய்ப் பேசுவது. வாய்க்குக் கொசுவலையோ தகரமோ போட்டு மூடினால் தேரையும் விழாது, கொசுவும் நுழையாது, குழந்தைக்கும் ஆபத்தில்லை. மூட முடியாத இடத்தில் சாக்குச் சுற்றிய ஒரு சவுக்குக் கட்டையை முதல் நாளே இறக்கிவைப்பது. மேஸ்திரி இப்போது தன் மற்ற வேலைகளிலும் இதைச் செய்கிறார், அவருக்கு ஒரு கட்டைதான் செலவு.

சுகாதாரப் பிரிவுக்கு எழுத்தில் தகவல் கொடுப்பது முட்டையை மாற்றும் நாளிலேயே நடக்க வேண்டும், ஒரு பணியாளரிடம் வாய்வழியாகச் சொல்வது அவருக்கும் சங்கடம், அடுத்த குழுவுக்கும் போய்ச் சேராது. குட்டை ஓரத்தில் ஒரு பலகை, அதில் போன் எண், கடைசியாகக் கொசுப்புழு பார்த்த தேதி. ஆயில் பால் போட வந்தவர்கள் அதைப் படித்திருந்தால் ஒரு போன் செய்திருப்பார்கள்.

மேலதிக ஆண்களைப் பிரித்தது பற்றி: முதலில் மேடையைப் போட்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கரை இருக்கும் குட்டையானால் நானும் கை வைக்க மாட்டேன். நேர்ச்சுவர்த் தொட்டியில், பெண்ணின் மூக்கு தண்ணீருக்குள் போய் வருவதைக் கண்ணால் பார்த்தால், மறுபடியும் பிரிப்பேன்.

குட்டையின் ஆழத்தை ஒரு குச்சியில் கோடு போட்டு முதல் நாளிலிருந்து குறித்துவர வேண்டும். எந்த அளவுக்குக் கீழே போனால் பள்ளம் வெட்டுவது என்று முன்பே பேசி வைத்தால், சேறு காயும்போது நின்று விவாதிக்க வேண்டியிருக்காது. வண்ணமீன் கடை பிஎச் தாள் ஒரு பாக்கெட் பேத்தியிடம் இருக்கிறது, வரும் ஆவணியிலேயே தெருவில் திறந்து கிடக்கும் தொட்டிகளை ஒரு சுற்று பார்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.